எந்த வீட்டுக்கு என்று கேட்டவள்

கெர்வில் தனி ஆளாக நாடகம் போட ஆரம்பித்ததற்குக் கலை காரணமில்லை. அவளோடு சேர்ந்து நடிக்க ஒருவரும் வரவில்லை, அவ்வளவுதான்.

வேல்ஸில் எங்கள் கும்ஹெலிக் பள்ளத்தாக்கில் தபால்காரர் மகளாகப் பிறந்தவள். கார்டிஃபில் நடிப்புப் படித்துவிட்டு லண்டனுக்குப் போனாள். பன்னிரண்டு வருஷத்தில் அங்கே கிடைத்தது மூன்று வேலைக்காரி வேஷம், ஒரு பிணம். பிணமாகப் படுத்திருந்ததைத்தான் பேப்பரில் பாராட்டி எழுதினார்களாம். முப்பத்து நாலு வயதில் அப்பாவின் சாவுக்கு வந்தவள், அடக்கம் முடிந்தும் ரயிலேறவில்லை.

முதல் நாடகத்தை எங்கள் தேவாலயத்துப் பக்க அறையில் போட்டாள். அந்த அறைச் சாவியும் ஊர் ஹால் சாவியும் என்னிடம்தான் இருக்கும், டீ போடுவதும் நான்தான். பார்க்க வந்தது பதினோரு பேரும் ஒரு ஆட்டு நாயும். நாய் பாதியில் எழுந்து போய்விட்டது.

முடிந்ததும் வேர்வையோடு என்னிடம் வந்தாள். "எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?"

"கத்துற."

"மேடையில அப்படித்தான் பேசணும்னு சொல்லிக்குடுத்தாங்க."

"எங்கடி இருக்கு மேடை? நாலு பெஞ்சு கிடக்கு. பதினோரு பேருக்கு எதுக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேக்கற மாதிரி பேசற?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் பழரொட்டியில் இரண்டு துண்டு வெண்ணெய் தடவித் தின்றுவிட்டுப் போனாள். அடுத்த முறை மெதுவாகப் பேசினாள். நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டோம். இனி ஆயுசு முழுக்க அவளுக்குச் சோறு போடப்போகிற வித்தை அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு பழைய வேன், ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. வேல்ஸ் முழுக்க அப்படித்தான் சுற்றினாள். எந்த ஊரில் கதை சொல்லப் போனாலும் இரண்டு நாள் முன்னாலேயே போய் யாராவது ஒருத்தர் சமையலறையில் உட்கார்ந்துவிடுவாள். பண்ணை வீட்டுப் பெயர்கள், எந்த கேட் கிறீச்சிடும், எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும், எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வாள். அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் அதையெல்லாம் கதைக்குள் வைத்துச் சொல்வாள். பேய் எங்கேயோ வராது, உன் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டுதான் வரும். ஜனங்கள் திரும்பிப் போகும்போது ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிக்கொண்டு போவார்கள்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கதை எங்கள் வீட்டிலிருந்து போனது.

என் புருஷன் இத்வல் தச்சன். ஜன்னல் சட்டம், கேட், ஆட்டுத் தொட்டி, ஊரில் யாராவது செத்தால் சவப்பெட்டி. பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு ஜோன்ஸ்தான் குடும்பப் பெயர் என்பதால் தொழிலை வைத்துத்தான் ஆளைச் சொல்வோம். அவர் பெட்டி இத்வல். நான் பெட்டி டில்வென். அவர் போய் இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்தப் பேர் போகவில்லை.

கெர்விலுக்கு நாற்பது இருக்கும். பட்டறைக்கு வந்து மரச்சீவல் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அங்கிள், உங்க தொழில்ல பயந்த சமயம் ஏதாவது இருக்கா?"

"பில்லுக்குப் பணம் கேக்கப் போறப்ப."

"விளையாடாதீங்க."

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். என்னிடம்கூட முழுசாகச் சொல்லாததை அவளிடம் சொன்னார். அவளுக்கு அப்படி ஒரு முகம். கேட்டுக்கொண்டிருக்கும்போது கண்ணே சிமிட்டாது.

"சாவு வர்றதுக்கு முன்னாடி பலகைக்குத் தெரிஞ்சிடும். பட்டறை பூட்டியிருக்கும், உள்ள ரம்பம் ஓடுற சத்தம் கேக்கும். அப்புறம் இழைக்கற சத்தம். அப்புறம் ஆணி அடிக்கறது. காலையில போய்ப் பார்த்தா ஒண்ணும் நகர்ந்திருக்காது. ரெண்டு நாள்ல யாராவது வந்து கதவைத் தட்டி அளவு சொல்லுவாங்க. எங்க அப்பாவுக்கும் கேட்டுச்சு. எனக்கும் கேக்கும்."

"கேட்டா என்ன செய்வீங்க?"

"போர்வையை இழுத்துப் போத்திக்குவேன்."

"யாருக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"யாரைக் கேக்கறது?" என்றார் இத்வல். "கேக்கற வேலை தச்சனுக்கு இல்ல பொண்ணே. தச்சு முடிக்கறதுதான் வேலை."

நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். மூன்று தடவை. வெளியில் சொன்னதில்லை, அதற்கு மேல் இப்போதும் சொல்வதற்கில்லை.

அவருடைய பழைய பட்டறைக் கோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு மாதத்தில் கதை தயார். வாயாலும் விரல் முட்டியாலும் ரம்பம், இழைப்புளி, சுத்தியல் எல்லாம் செய்வாள். கோட்டைப் போட்டுத் தோளை ஒரு பக்கம் சாய்த்து ஒரு தடவை இருமினால் போதும். என் புருஷன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அங்கே இன்னொரு புருஷன் நிற்பான்.

ஆனால் இத்வல் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். கதையின் கடைசியில் சுத்தியல் சத்தம் நின்றுவிடும். தச்சன் எழுந்து பட்டறைக் கதவுவரை போய், இருட்டைப் பார்த்து, "எந்த வீட்டுக்கு?" என்று கேட்பான். அத்தோடு சரி. பதில் கிடையாது. அவள் அப்படியே நிற்பாள், பத்து எண்ணும் நேரம். பிறகு விளக்கை அணைப்பாள். அந்தப் பத்துக்குள் ஹாலில் ஒருத்தர் மூச்சு விடமாட்டார்கள்.

"அதை ஏன் சேர்த்த?" என்று இத்வல் கேட்டார்.

"இல்லாட்டி கதைக்கு முடிவே இல்ல அங்கிள்."

"நிஜத்துலயும் இல்லியே."

அவள் சிரித்தாள். அந்தக் கேள்விக்காகவே அவளை நாலு ஜில்லாவிலிருந்தும் கூப்பிட்டார்கள்.

முதலில் பதில் வந்தது எட்டு வருஷம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில். கேள்வி கேட்டாள், எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள், பின் வரிசையிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் சொன்னது: "பென்லானுக்கு." தபால்காரனுக்கு வழி சொல்வதுபோல அத்தனை சாதாரணமாக. பென்லான் அந்த ஊரில் ஒரு பண்ணை. ஜனங்கள் சிரித்தார்கள். யாரோ குறும்புக்காரக் கிழவன் என்று கெர்விலும் சிரித்தாள். ஒன்பதாம் நாள் பென்லான்காரர் ஆடுகளுக்கு நடுவில் செத்துக் கிடந்தார். ஐம்பத்திரண்டு வயது.

அடுத்தது கடலோரத்து ஊர். அங்கே பெண் குரல். அந்த ஊர்க்காரிகள் பேசும் இழுப்பு அப்படியே. "ஹாவோட் வென் வீட்டுக்கு." அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குள் சாவு. யார் சொன்னது என்று கெர்வில் பின்னால் விசாரித்தாள். ஒவ்வொருத்தரும் பக்கத்தில் இருந்தவர்தான் சொன்னார் என்றார்கள்.

மூன்றாவதும் நடந்தபிறகு என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். ஊற்றிக் கொடுத்த டீயைத் தொடவே இல்லை.

"நான்தான் கொல்றேன் ஆன்ட்டி."

"பெரிய ஆளு நீ. உன் நாடகத்துக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு எண்பது தாண்டினவங்க. ஒரு வாரத்துல ஒருத்தர் போகலன்னாதான் நான் டாக்டரை விசாரிப்பேன்."

"பென்லான்காரருக்கு ஐம்பத்திரண்டு."

"அந்தாளு வெண்ணெயைக் கரண்டியால தின்னுவான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வியை விட்டுவிட்டு ஒரு ஊரில் கதை சொல்லிப் பார்த்திருக்கிறாள். கதை நொண்டியடித்துவிட்டது. நடத்தியவர்கள், "அந்தக் கேள்விக்குத்தானேம்மா உங்களைக் கூப்பிட்டோம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். கேட்டால் ஒரு சாவு, கேட்காவிட்டால் அவள் பிழைப்புக்குச் சாவு. பதினைந்து வருஷமாகக் கட்டிய பிழைப்பு.

எனக்குப் படிப்பு கிடையாது, ஆனால் கண்ணால் பார்க்காததை நம்புகிற வழக்கமும் கிடையாது. அடுத்த தடவை நானும் வேனில் ஏறிப் போனேன். வேண்டுமென்றே கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்தேன். என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் கொக்கியில் தொங்கும் ஈரக் கோட்டுகள், வேறொன்றும் இல்லை. எவன் வாயைத் திறந்தாலும் பின்மண்டையைப் பார்த்துவிடலாம் என்று கணக்கு.

கெர்வில் கேட்டாள். "எந்த வீட்டுக்கு?"

என் முன்னால் ஒரு தலையும் அசையவில்லை. என் பின்னால் கோட்டுகளுக்குள்ளிருந்து, என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு ஒரு வீட்டுப் பெயரைச் சொன்னார். மூச்சில் ஈரக் கம்பளி வாடை.

நான் திரும்பவில்லை. அப்படி ஒரு தைரியசாலி நான் இல்லை. திரும்பும் வழியில் வேனில் எங்கள் ஊர் எல்லை வந்ததும் சொன்னேன்: "இனிமே அந்தக் கதையைச் சொல்லாத."

"சரி ஆன்ட்டி."

ஆனால் அந்த வருஷம் எங்கள் ஊர் ஹாலுக்கு நூறாவது ஆண்டு. கமிட்டிச் செயலாளர் எல்வெட் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான், அந்தக் கதைதான் வேண்டும் என்று. அவள் மாட்டேன் என்று சொல்லப் போனபோது டிக்கெட் எல்லாம் போய்விட்டிருந்தது. செய்தி எப்படியோ பரவியிருந்தது. அவள் சொந்த ஊரில் நாற்பது பேருக்கு மேல் ஒரு நாளும் வந்ததில்லை. இப்போது நூற்றிருபது பேர். அடுத்த சாவு யார் வீட்டில் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். ஒவ்வொருத்தனும் பக்கத்து வீட்டுப் பெயரை மனதில் வைத்துக்கொண்டுதான் வந்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"நீங்க ஏன் வந்தீங்க?" என்று பால்காரர் விதவையைக் கேட்டேன். அவளுக்குத் தொண்ணூறு.

"என் வீட்டுப் பேரைச் சொன்னா, தப்புன்னு சொல்ல ஆள் இருக்கணும்ல" என்றாள்.

இத்வலுக்கு அப்போது எழுபத்தேழு. ஆயுசு முழுக்க விழுங்கிய மரத்தூள் நெஞ்சில் உட்கார்ந்து மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். கெர்விலும் வந்து கெஞ்சினாள்.

"அங்கிள், நீங்க வராதீங்க. நம்ம வீட்டுப் பேரு வந்துடுமோன்னு பயமா இருக்கு."

"வந்தா வரட்டும். என் கதை, நான் கேக்க வேணாமா?"

"அப்ப நான் கேள்வியை விட்டுடறேன்."

"எல்வெட் உன்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவான். கேளு பொண்ணே. கேட்டுட்டுப் போ. எத்தனை நாளைக்கு அதைத் தூக்கிக்கிட்டுத் திரிவ?"

முன் வரிசையில் உட்கார்ந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. தகரக் கூரையில் மழை. அவள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ரம்பம் ஓடியது. இழைப்புளி ஓடியது. ஆணி அடித்தாள். அன்றைக்கு மாதிரி அவள் ஒரு நாளும் செய்ததில்லை. சுத்தியல் நின்றது. எழுந்து கதவுக்குப் போகிற மாதிரி மேடை ஓரத்துக்கு வந்தாள். எங்களைப் பார்த்தாள். வாய் திறந்தது, மூடியது, திறந்தது.

"எந்த வீட்டுக்கு?"

பத்து எண்ணும் நேரம் போயிற்று. யாரும் சொல்லவில்லை.

இருபது. முப்பது. மழை மட்டும். பின்னால் ஜனங்கள் கழுத்தைத் திருப்புவது கேட்டது. கெர்வில் விளக்கை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. பதில் வர ஆரம்பித்த பிறகு, வராமல் போனது இதுதான் முதல் தடவை. காத்துக்கொண்டே நின்றாள். ஹால் கடிகாரத்தில் மூன்று நிமிஷம் ஓடியதை நான் பார்த்தேன்.

என் பக்கத்தில் பெஞ்சு முனகியது. இத்வல் எழுந்துவிட்டார். கைத்தடியை ஊன்றி இரண்டு படி ஏறி மேடைக்குப் போனார். பின்னாலிருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

"வந்துக்கிட்டிருந்த பதில் நின்னா அது தச்சனுக்கு" என்றார். "எங்க அப்பா சொன்னது. உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

கெர்வில் கோட்டின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இப்ப நான்தான் தச்சன் அங்கிள்."

"நீ நடிக்கறவ. கோட்டைக் கழட்டு."

"மாட்டேன். நான்தான் கேட்டேன். எனக்குத்தான் வரணும்."

"கழட்டுடி."

அவர் ஒரு கையை இழுக்கிறார், அவள் இன்னொரு கையை விடமாட்டேன் என்கிறாள். மூச்சு முட்டுகிற கிழவனும் ஐம்பதைத் தொடுகிற பெண்ணும் ஒரு கிழிசல் கோட்டுக்கு அத்தனை பேர் முன்னால் மல்லுக்கு நிற்கிறார்கள். பின்னால் யாரோ கை தட்ட ஆரம்பித்தான். நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். ஹால் முழுக்கக் கைதட்டல். எல்வெட் எழுந்து நின்று தட்டினான். நான் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கோட்டு இத்வல் கைக்கு வந்தது. போட்டுக்கொண்டார். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார், அவருக்கு எப்போதும் அவசரம் கிடையாது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கை அவரே அணைத்தார்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டார். ஒன்பது நாள்கூட ஆகவில்லை. பெட்டி செய்ய ஊரில் வேறு தச்சன் இல்லாததால் டவுனிலிருந்து ஒன்று வந்தது. கைப்பிடி பிளாஸ்டிக். அவர் பார்த்திருந்தால் இன்னொரு தடவை செத்திருப்பார். கோட்டோடுதான் புதைத்தோம்.

கெர்வில் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நின்றாள். நான் கூப்பிடவில்லை. ஒன்றரை வருஷம் அவளோடு பேசவில்லை. அவர் நெஞ்சு எப்படியும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்தாலும், கோபத்தை எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் ரொட்டிக் கடையில் எதிரே வந்தாள். "இளைச்சுட்ட" என்றேன். அழுதாள். அத்தோடு சரியாகிவிட்டது.

அதற்கப்புறமும் அவள் நிறையக் கதைகள் செய்தாள். முழுகிப்போன ஊர், கண் தெரியாத ஆடு மேய்ப்பவள், இன்னும் என்னென்னவோ. கனடா போனாள், படகோனியா போனாள், பரிசு வாங்கினாள். தச்சன் கதையை மட்டும் தொடவில்லை. எந்தக் கதையிலும் மேடையில் நின்று ஜனங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள்.

முந்தாநாள் மத்தியானம் வந்தாள். அறுபத்தொரு வயது, முழங்கால் வலி, வேன் மட்டும் புதுசு. கார்டிஃபில் பெரிய தியேட்டர் ஒன்று அந்தக் கதையைத் திரும்பப் போடச் சொல்கிறதாம். எண்ணூறு இருக்கை. இதைவிடப் பெரிய வாய்ப்பு இனி வராது.

"நீங்க சொன்னா செய்யறேன், வேணாம்னா விட்டுடறேன்" என்றாள்.

"இங்க செஞ்சு காட்டு. அப்புறம் சொல்றேன்."

"கோட்டு இல்லியே."

"எனக்குக் கோட்டு வேணாம். அவரைத்தான் பாக்கணும்."

எனக்கு எண்பத்தாறு. வெட்கப்படுகிற வயதில்லை. சமையலறை நாற்காலியை நடுவில் போட்டுக்கொண்டாள். தோளைச் சாய்த்தாள். இருமினாள். என் அடுப்புக்கு முன்னால் இத்வல் நின்றார். அவர் காதைச் சொறிகிற விதம்கூட வந்தது, அதை நான் மறந்தே போயிருந்தேன். மேஜை மேல் ரம்பம் ஓடியது. இழைப்புளி ஓடியது. ஆணி. ஆணி. நின்றது. எழுந்து பின்கட்டுக் கதவைப் பார்க்கத் திரும்பினாள்.

கேட்கவில்லை.

"கேளு" என்றேன்.

தலையை ஆட்டினாள்.

"கேளுடி. எந்த வீட்டுப் பேரு வரும்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் செய்யச் சொன்னேன். தனியா இருந்து சலிச்சுப்போச்சு."

"மாட்டேன் ஆன்ட்டி."

"உன்னை என்ன கேட்டேன்? மூணு வார்த்தைகூட இல்ல."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வீடு அத்தனை அமைதி. அப்போது நடைப்பக்கம், கோட்டுகள் மாட்டும் இடத்திலிருந்து, யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். கேட்காமலேயே சொல்லிவிடப் போகிறவர் போல.

நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். நான் எழுந்து கதவுப் பக்கம் காதைக் கொடுத்தேன்.

கெர்வில் பேச ஆரம்பித்தாள். உரக்க, கார்டிஃபில் கற்றுக்கொடுத்த குரலில். வேன் டயரைப் பற்றி, சாலையில் படுத்துக்கொள்ளும் ஆடுகளைப் பற்றி, முழங்கால் டாக்டரைப் பற்றி, பெரிய கடையில் மீன் நாறுவதைப் பற்றி. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஊசியோ ஒரு வீட்டுப் பெயரோ நுழைய இடமில்லை. நான் கையைக் காட்டினேன், நிறுத்தச் சொன்னேன், திட்டினேன். என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து அதன்மேலும் பேசினாள். பேச்சின் நடுவிலேயே போனை எடுத்து அந்தத் தியேட்டர்க்காரர்களிடம் கதை கிடையாது என்று சொன்னாள். சொல்லிவிட்டு மீனுக்கே திரும்பி வந்தாள். இரண்டு மணி நேரம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குரல் கட்டிப்போய்விட்டது.

கிளம்பும்போது ரேடியோவைப் போட்டாள். சத்தத்தைக் கடைசிவரை திருகிவிட்டு, நான் எட்ட முடியாத அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டுப் போனாள்.

நாளைக்கு எல்வெட் மகன் ஏணியோடு வருகிறான். ரேடியோவை இறக்கித் தரச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.